கனமூலைக் கலியாணமும் எண்பத்தைந்து அங்குலத் திரையும்

ஆகஸ்ட் விடுமுறையில் கற்பிட்டிப் பக்கம் போகலாமா என்று இந்தப் பக்கத்துக்குப் பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். போகலாம். நான் போய் வந்துவிட்டேன். ஆனால் இதைப் படித்த பிறகு உங்களுக்குக் கடல் ஆசை மிச்சமிருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் போனது கடலுக்காக அல்ல, ஸிஹானாவின் கலியாணத்துக்காக. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளவத்தையில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தோம். நான் மட்டக்களப்பு, அவள் கனமூலை. ஞாயிற்றுக்கிழமை கலியாணம், பிறகு இரண்டு நாள் கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாக் கடற்கரை என்று கணக்குப் போட்டு லீவு எடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கோட்டையிலிருந்து புத்தளம் ஏசி பஸ். மதுரங்குளி வரை ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம், எண்ணூற்றைம்பது ரூபாய். முன் இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள். டிரைவரின் தலைக்கு மேல் தொங்கும் திரையில் சிலாபம் வரைக்கும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டே வந்தார்கள். சிலாபத்தில் தேநீர் குடிக்க இறங்கினால் கடைச் சுவர் நிறைய இன்னொரு திரை, அதில் மீன் அடைத்த மாலுபாணின் விலை மின்னி மின்னி ஓடுகிறது. கரும்பலகையில் எழுதிவைத்த காலத்தில் விலை குறைவாக இருந்தது என்று சொல்ல வரவில்லை, கண் கூசாமலாவது இருந்தது.

மதுரங்குளிச் சந்தியில் த்ரீவீலர் பிடித்தேன். கலியாண வீட்டுக்கு என்றதும் டிரைவர் உற்சாகமாகிவிட்டார்.

"டிவி வெச்ச ஹோல்லதானே கலியாணம்? பொம்புளப் பக்கமும் பெரிய டிவி ஒண்டு மாட்டியிரிக்காங்க. முந்தி எல்லாம் பொண்ணுக்குத் தன்ட நிகாஹ் முடிஞ்சதே ஆராவது வந்து சொன்னாத்தான் தெரியும். இப்ப பாத்துக்கிட்டே இரிக்கலாம்."

இங்கே கலியாணத்தில் ஆண்களும் பெண்களும் வேறு வேறு பக்கம். நிகாஹ் ஆண்கள் பக்கத்தில் நடக்கும். பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் கை பிடித்துச் சொல்லி முடிப்பார்கள். பெண் மறுபக்கம் இருப்பாள். ஸிஹானா இந்த மண்டபம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் வேறு. அவளுடைய வாப்பா வெளிநாட்டில் இருந்தார். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வள்ளத்தில் வந்து இறங்கியவர். கனமூலையில் கலியாணம் செய்து, பிறகு சவூதிக்குப் போய் அங்கேயே சாரதியாகக் காலத்தைக் கழித்தவர். மகள் பிறந்தபோது இல்லை, அவள் சோதனை பாஸ் பண்ணியபோது இல்லை, வீட்டுக்குக் கூரை போட்டபோது இல்லை. இந்தக் கலியாணத்துக்கும் முதலாளி லீவு கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

"வராட்டிப் பரவால்ல. ஆனா இந்த முறை எங்கட வாப்பா எல்லார்ர கண்ணுக்கும் தெரியணும்" என்றாள். அதற்காகத்தான் அந்தத் திரை. அவருக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே, எதற்கு வீண் ஆடம்பரம் என்று பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். இவள் கேட்கவில்லை.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் அழைத்தார். எனக்கும் போனைத் தந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியும் மட்டும் திரையை அடைத்துக்கொண்டு நின்றன.

"மட்டக்களப்புப் புள்ளயா? சாப்பிட்டீங்களா மகள்?" என்றார். நல்ல குரல்.

ஸிஹானா எட்டிப் பார்த்து, "ஏன் வாப்பா இவ்வளவு கிட்ட வெக்கிறீங்க? மூக்கு மட்டும்தான் தெரியுது" என்றாள்.

"கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரியுதில்ல மகள்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் கலியாணம். மண்டபம் புத்தளம் வீதியோரத்தில். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு நெடுந்திரை, அதில் மணமக்களின் பெயர்கள் ரோஜாப் பூக்களுக்கு நடுவே வந்து வந்து போயின. உள்ளே பெண்கள் பக்கச் சுவரில் எண்பத்தைந்து அங்குலத் திரை. ஆண்கள் பக்கத்திலும் அதே அளவில் ஒன்று என்றார்கள். பதினொரு மணிக்கு அதில் வாப்பாவின் முகம் வந்தது. பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். ஸிஹானா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தியா, மாப்புளய விட வாப்பா பெருசா இரிக்காரு!"

அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மௌலவி திரையைப் பார்த்து, "ஒங்கட மகள நிகாஹ் செஞ்சு குடுக்க ஒங்கட தம்பிக்குப் பொறுப்புக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "குடுக்கிறேன்" என்றார் வாப்பா. சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நிகாஹ் முடிந்தது. மௌலவி துஆ ஓதத் தொடங்கினார்.

துஆவுக்கு இரண்டு கையையும் ஏந்த வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு ஏந்த முடியாது. வாப்பா போனைப் பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்தார். படம் ஆடியது, பின்னால் போனது, நின்றது. அப்போதுதான் முழு ஆளையும் பார்த்தோம்.

கட்டில் கம்பி தெரிந்தது. பின்னால் பச்சைத் திரைச்சீலை. ஒரு மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டி. மற்றக் கையில் ஊசி ஏற்றி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அந்தத் திரையில் அவருடைய கைகள் எங்கள் தலையை விடப் பெரிதாக இருந்தன. எலும்பு எலும்பாக, நரம்பு நரம்பாக, நடுங்கிக்கொண்டிருந்தன. கழுத்து இருந்த இடத்தில் ஒரு குழி. கண்களை மூடி முழு மனதோடு துஆ கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரியவே தெரியாது.

துஆவுக்கு நடுவில் யார் எழும்புவது? மௌலவியும் கண்களை மூடியிருந்தார். மணமக்களுக்கு நீண்ட ஆயுள், ஆமீன். தாய் தகப்பனுக்கு ஆரோக்கியம், ஆமீன். பெண்களின் ஆமீன் ஒவ்வொன்றும் முந்தியதை விடச் சின்னதாகிக்கொண்டே போனது. உம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். ஸிஹானா மட்டும் ஏந்திய கையை இறக்காமல், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டேயிருந்தாள். எனக்கு அந்தச் சுவரைப் போய் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் போல் இருந்தது.

கடைசி ஆமீன் வந்ததும், "வாப்பா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்துத் திரையில் படமும் சத்தமும் வரும், இங்கேயிருந்து எதுவும் போகாது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்த போன் ஆண்கள் பக்கத்தில். சரிகையையும் நகையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். நடுத் தட்டியருகே இரண்டு பேர் தடுக்கப் பார்க்க, அவர்களைத் தள்ளிவிட்டுப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

சாச்சா போனை வைத்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றார். "லைன் வெட்டுப்பட்டிட்டு மகள்" என்றார். அவருக்குப் பின்னால், வாப்பா இருந்த சுவரில், அறுநூறு பேர் அமரக்கூடிய குளிரூட்டப்பட்ட மண்டபம், விசாலமான வாகனத் தரிப்பிடம் என்று மண்டபத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தாராம். சஹன் என்று ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். எங்கள் சஹனில் புரியாணி அப்படியே இருந்தது.

மத்தியானம் சவூதியிலிருந்து வாப்பாவின் கூட்டாளி ஒருவர் சாச்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வயிற்றில் கட்டி. இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி. கலியாணம் முடியும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது என்று வாப்பா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பின்னேரம் வாப்பா அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மறுபடியும் தொப்பி, தாடி, அவ்வளவு கிட்ட.

"கையக் காட்டுங்க வாப்பா."

ஒரு கையைக் காட்டினார். பட்டியைக் கழற்றியிருந்தார்.

"மத்தக் கை?"

"அதுலதானே மகள் போன் இரிக்கி" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை ஆலங்குடாவுக்குப் போனேன். அவளோடு இருக்கிறேன் என்றதற்கு ஸிஹானாதான், "நீ போ, இங்க இருந்து என்ன செய்யப் போற" என்று அனுப்பினாள். பாலாவியில் பஸ் மாறி, உப்பு வயல்களைக் கடந்து, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. விடுதி வரவேற்பறையிலும் ஒரு பெரிய திரை, அதில் ஓங்கல்கள், அதாவது டொல்பின்கள், துள்ளிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே உண்மையான கடல் சாம்பல் நிறத்தில் கத்திக்கொண்டிருந்தது, வள்ளங்கள் எல்லாம் கரையில். பட்டம் கட்டி அலையில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய சாச்சா அழைத்தார். வாப்பா மௌத்து.

பத்தரைக்குக் கனமூலையில் இருந்தேன். உடலைக் கொண்டுவருவதில்லை, அங்கேயே அடக்கம் என்று முடிவாகியிருந்தது. கூட்டாளி போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் கதிரைகள், மாப்பிள்ளை வந்தவர்களை இருத்திக்கொண்டிருந்தார். மண்டபக்காரரும் வந்திருந்தார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் நின்றார். "ஒரு ஸ்கிரீனக் கொண்டாந்து பொருத்தித் தாறன், காசு வேணாம். எல்லாருக்கும் ஜனாஸாவப் பாக்கலாமே" என்றார். அறை நிறையப் பெண்கள், ஒரு சின்னப் போன். யோசனை சரியானதுதான். பலர் தலையாட்டினார்கள்.

ஸிஹானா உள்ளிருந்தே சொன்னாள்: "வேணாம். வாப்பா பெருசாத் தெரிய விருப்பமில்லாமத்தானே இரிந்தாரு. நான்தான் கேக்கல்ல."

உம்மாவும் அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு தலைக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மற்றவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு: மே முதல் ஒக்டோபர் வரை காற்றுக் காலம், பட்டச் சறுக்கலுக்கு மட்டும் போங்கள். ஓங்கல் பார்க்க நவம்பருக்குப் பிறகு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் புத்தளத்தில் கடைகள் பூட்டு, முன்கூட்டியே சாப்பிட்டுவிடுங்கள். மதுரங்குளியிலிருந்து கனமூலைக்குப் போக முதலே கூலி பேசிக்கொள்ளுங்கள்.

தூரத்தில் உங்களுக்கு யாராவது இருந்து, தினமும் போனில் முகத்தைக் காட்டி நல்லாயிருக்கிறேன் என்று சொன்னால், போனை எங்காவது சாத்தி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் காட்டச் சொல்லுங்கள். நான் கொழும்புக்குத் திரும்பிய அன்றே மட்டக்களப்பில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "உனக்கென்ன விசரா?" என்று ஏசிவிட்டுக் காட்டினார்.