நஸீராவின் இடது கை

போன கிழமை வீட்டு ஜன்னல்களுக்குச் சீலை தைக்கக் கொடுப்பதற்காக உக்குவளையில் நஸீராவின் தையல் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். நாலு ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் ரெண்டேகால் மீற்றர். அவள் போனை எடுத்து நிதானமாகத் தட்டி, "ஒம்பது மீற்றர் வேணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் பார்க்க நஸீராவுக்கா போன்?

கடை முழுக்கப் புதுத் துணியின் கஞ்சி வாசம். வருஷத் தொடக்கத்தில் எங்கள் வெள்ளைச் சட்டைகளும் இப்படித்தான் மணக்கும். நஸீராவின் வெள்ளைப் பர்தா நுனி மடியில் கிடக்கும். இடது கை அதற்குள் ஒளிந்திருக்கும். பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். தொழுகை முடிந்ததும் அவளுடைய உம்மா விரல் கணுக்களில் திக்ரு என்னும் இறைதுதியை எண்ணுவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வித்தை அது. "திக்ருக்கு வலது கை, கணக்குக்கு இடது கை. கலந்தா உம்மா ஏசுவா" என்பாள். பதினேழை இருபத்துநாலால் பெருக்கச் சொல்லிவிட்டுக் கணக்கு சேர் வாயை மூடுவதற்குள் நானூற்றெட்டு வந்துவிடும்.

நானோ ஓரம் விட்டு, கோடு போட்டு, 'ஆகவே' எழுதி, படி படியாக இறங்குகிற ரகம். ஒரு படி தவறினால் உருண்டு விழவேண்டியதுதான். "எப்படிடி வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நூறு இந்தக் கணுவுல நிக்கிது, பத்து இதுல. தொட்டுப் பாக்கிறேன், அவ்வளவுதான்."

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் தொட்டுப் பார்த்தேன். மோதிர விரலுக்குப் போவதற்குள் நூறும் பத்தும் ஓடிவிட்டன. அம்மா எட்டிப் பார்த்து, "கை வலிக்குதா? தைலம் தேச்சு விடவா?" என்றாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, வயிறெரிந்தது. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்த குடும்பம் எங்களுடையது. நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரவேண்டும் என்பது வீட்டில் தினமும் ஓதப்படும் மந்திரம். பெருநாளைக்கு நஸீரா வட்டிலப்பம் கொண்டுவந்து எனக்கென்று பெரிய துண்டை எடுத்துவைப்பாள். அதைத் தின்றுகொண்டே எரிந்தேன். ஓ.எல் பரீட்சை முடிந்ததும் இருவரும் மாத்தளையில் கணிதப் பிரிவில் சேர்ந்து ஒன்றாக ரயிலில் போவதாகப் பேச்சு. ஜன்னலோரம்கூடப் பங்கு பிரித்தாயிற்று: போகும்போது எனக்கு, வரும்போது அவளுக்கு.

பத்தாம் தரம், இரண்டாம் தவணை. அவளுக்குத் தொண்ணூற்றாறு, எனக்குத் தொண்ணூற்றொன்று. கொப்பிகளை அடுக்கி சேரிடம் கொண்டுபோனபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், நஸீரா மேசைக்குக் கீழ விரல்ல எண்ணுறா. ஓ.எல்ல பாத்தா களவு செய்றான்னு நெனைச்சிருவாங்க."

அக்கறையாம்!

சேர் கெட்ட மனிதரில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு என்னுடையதைப் போன்றது, அவ்வளவுதான். மறுநாள், "பத்தாம் தரத்துப் புள்ள விரல் விட்டு எண்ணுதா? இடது கைய மேசையில விரிச்சு வை. அசையக் கூடாது" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று கேட்ட ஒரு கணக்குக்கும் அவளிடமிருந்து விடை வரவில்லை. என்னைப் போலப் படி எழுதிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். அடுத்த தவணையில் அவளுக்கு ஐம்பத்துமூன்று. நான் முதலாம் பிள்ளை. ஓ.எல் கணக்கில் அவளுக்குச் சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான் கிடைத்தது. கணிதப் பிரிவுக்கு அது போதாது.

ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஜன்னலோரம் எனக்கே. இன்று நான் கணித டீச்சர். மேசைக்குக் கீழே எந்தப் பிள்ளையாவது விரலை அசைத்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனால் நானூற்றெட்டை அந்த வேகத்தில் சொல்லும் பிள்ளை இதுவரை வரவில்லை.

கடையில் மனசு கேட்கவில்லை. "போன் எதுக்குடி? ஒன் இடது கை எங்க போச்சு?" என்றேன். விழித்தாள். கணுக்களையும் நானூற்றெட்டையும் தொண்ணூற்றாறையும் சொன்னேன். சேரிடம் சொன்னது யார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ வேற! எனக்கு அந்த நாள்லயே கணக்கு ஓடாதே. சேர்ட்ட எவ்வளவு ஏச்சு வாங்கினேன்! ஒனக்குத்தான்டி கணக்கு."

பகிடி பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மெய்யாகவே மறந்திருக்கிறாள். மறந்துவிட்டு இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாளே என்று, வெட்கமில்லாமல், அப்போதும் எனக்கு எரிந்தது.

இடது கையைத் துணியின்மேல் விரித்து வைத்து அழுத்திக்கொண்டு வெட்டத் தொடங்கினாள். ஒரு விரலும் அசையவில்லை. அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.