ஆழமான குழிகள்

ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்று மண்சரிவில் புதைந்துபோன மேட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மரம் நடக் கூலிக்குப் போயிருந்தேன். என்னோடு குழி வெட்டியவர் மெலிந்த மனிதர். மழைக்கு உரச்சாக்கைத் தலையில் போட்டிருந்தார். ஒவ்வொரு குழியையும் இடுப்பளவு தோண்டி, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

“என்னங்கண்ணே, கன்னு வைக்கவா, கெணறு வெட்டவா?” என்றார் டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“எஞ் சம்சாரத்த இன்னும் எடுக்கலைங்க டீச்சர். நீங்க மரத்த வச்சிட்டா அப்புறம் இங்க யாரும் தோண்ட மாட்டாங்க.”

அதன்பிறகு அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. சாயங்காலம்வரை தோண்டியும் எதுவும் கிடைக்கவில்லை. கடைசிக் கன்றை அவரே நட்டு, மண்ணைக் கையால் மெதுவாக அழுத்தினார்.

காலையிலிருந்து நாங்கள் காலால் மிதித்து இறுக்கிய இடங்களை அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.