வாயாடி வாய் திறக்காத விஷயம்

அந்த மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் அவளுக்கு வாயாடி என்றுதான் பேர். கண்ணாடி வில்லைகளை ஃபிரேம் அளவுக்கு ஓரம் தீட்டுகிற மெஷினில் வேலை. சக்கரம் சுற்றும், தண்ணீர் பீய்ச்சும், முழங்கைவரை வெள்ளைச் சேறு தெறிக்கும். அந்த இரைச்சலையும் மீறி அவள் குரல் கேட்கும். நாத்தனாரோடு போட்ட சண்டை, பஸ்ஸில் தன் தோள்மேல் தூங்கி விழுந்தவள், புதுச் செருப்பு கடித்தது என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். "நீ வாய மூடுனா, கரன்ட் போச்சுன்னு நெனச்சுக்குவேன்டி" என்பாள் பக்கத்து மெஷின் அக்கா.

இவ்வளவு பேசியவள் ஒன்றைப் பற்றி மட்டும் மூச்சுவிட்டதில்லை. அவளுக்கு வலிப்பு நோய் இருந்தது.

கடைசியாக வலிப்பு வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. காலையும் மாலையும் போடுகிற மாத்திரை அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. மாத்திரை, டாக்டர், ஸ்கேன் எல்லாவற்றையும் கணவனின் இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. அவன் பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவன். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது தொழிற்சாலையிலும் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரரோடதுலயே நான் இருக்கேன்" என்று நழுவிவிட்டாள். சேர்ந்தால் என்ன வியாதி என்று துருவுவார்களோ என்ற பயம். பின்னொரு நாள் பாலிஷ் பிரிவில் ஒருவர் மயங்கி விழுந்தபோது அந்தப் பயம் இரட்டிப்பானது. ஆம்புலன்ஸில் போனவர் திரும்பி வேலைக்கு வரவேயில்லை. அவருடைய செருப்பு மட்டும் வாசலில் வெகுநாள் கிடந்தது. பெருக்குகிற அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள்.

ஒரு சாயங்காலம் கணவன் வந்ததும் கைகூடக் கழுவாமல் உட்கார்ந்தான்.

"எங்க டிப்போல ரூல மாத்திட்டாங்க. பொண்டாட்டி வேலைக்குப் போய், அந்த எடத்துலயே இன்சூரன்ஸ் கெடைக்கும்னா, அதுலதான் சேரணுமாம். அடுத்த மாசத்தோட நம்மளோடதுல உன் பேர் இருக்காது."

"எங்க கம்பெனில அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க."

"நான் சொன்னா போதாது. உங்க கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"அப்ப நான் வேலைக்கே போகலன்னு சொல்லிடுங்க."

அவன் நகக்கண்ணில் இருந்த டயர்க் கறையைச் சுரண்டினான். "நானும் அதத்தான் யோசிச்சேன். கிளார்க்கிட்ட சும்மா கேக்குற மாதிரி வாயக் கிளறுனேன். பிரேக் செக்‌ஷன்ல ஒருத்தன் மகன் வயசக் கொறச்சுச் சொல்லி மாட்டிக்கிட்டானாம். மொத்தக் குடும்பத்தையும் இன்சூரன்ஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க. அவன் வேலையே இப்ப தொங்கல்ல இருக்கு."

"என்னதான் பண்றது?"

"பேசாம உங்க ஆபீஸ்ல போய் உள்ளதச் சொல்லேன்."

"சொன்னா வலிப்புக்காரிய மெஷின்கிட்ட விடுவாங்களா? வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

 அவன் எழுந்து கை கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். மாலை மாத்திரையைப் பாதியாக உடைத்து, மிச்சத்தைக் காலி பவுடர் டப்பாவில் ஒளித்துவைத்தாள். இன்சூரன்ஸ் நின்றுபோனாலும் கொஞ்ச நாளைக்குத் தாங்குமே என்ற எண்ணம். ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் உடைத்தாள்.

அதோடு நிம்மதி போயிற்று. ரோட்டைக் கடக்கப் பயம். படியிறங்கப் பயம். குளிக்கப் போனால் தாழ் போடுவதில்லை. வலிப்பு வருவதற்கு முன் அவளுக்கு நாக்கில் இரும்பு ருசி தட்டும். வில்லையைச் சக்கரத்தில் வைக்கும்போதெல்லாம் அந்த ருசி வருகிறதா என்று நாக்கைத் துழாவிக்கொண்டே இருந்தாள். பயத்தில் வாய் வறண்டாலும் அதே ருசி வருவதுபோலத் தோன்றித் தொலைத்தது.

ஒருநாள் மதியம் அது நிஜமாகவே வந்தது. வீட்டுக்காரம்மா குடித்தனக்காரர்களைப் பாடாய்ப் படுத்துவதைப் பற்றி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தையில் நாக்கு இரும்பாகக் கரித்தது. பிறகு எதுவும் நினைவில்லை. நினைவு வந்தபோது கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். சக்கரம் நின்றிருந்தது. அக்கா அவள் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள்.

"எத்தன நாளா இருக்குடி இது?"

"அசதிக்கா. கண்ணசந்துட்டேன்."

"கண்ணத் தெறந்துக்கிட்டேவா? எங்க சின்னம்மாவுக்கு இருந்துச்சு, எனக்குத் தெரியாதா? உன் வெரல் சக்கரத்தத் தொடப் போச்சு. நான் இழுக்காம இருந்திருந்தா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. உங்க கால்ல வேணா விழறேன்."

"விழ வேணாம். இன்னைக்கே ஆபீஸ்ல போய்ச் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"நீங்களா அக்கா?"

"நானேதான். அப்புறம் எங்கூடப் பேசாட்டிப் போ. கை போனவளா உன்னப் பாக்க என்னால ஆகாது."

மாடிப்படி ஏறும்போதே இரண்டு பொய்களைத் தயார் செய்தாள். திரும்பிப் பார்த்தால் கீழே அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆபீஸ் மேடத்தின் முன்னால் நின்றதும் பொய் இரண்டும் மறந்துபோயின. டிப்போவின் ரூல், வலிப்பு, பாதி மாத்திரை, சற்றுமுன் நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"முதல்ல உக்காருங்க" என்றார் மேடம். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "வியாதி இருக்குன்னு எங்க இன்சூரன்ஸ்ல யாரையும் தள்ள மாட்டாங்க. ஆனா வீட்டுக்காரரோடது நின்னு ஒரு மாசத்துக்குள்ள இதுல சேர்ந்துடணும். விட்டா வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்கணும்."

அவள் மனதுக்குள் நாட்களைக் கணக்குப் போட்டாள். உடைத்த மாத்திரைகளை நம்பி ஒளிந்திருந்தால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகியிருக்கும்.

"வேலை மேடம்? பாலிஷ்ல விழுந்தாரே, அவர மாதிரி என்னையும் அனுப்பிடுவீங்களா?"

"யாரு அது?" மேடம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒருவர் போனால் பேர்கூட மிஞ்சாதா என்று அவளுக்குத் தோன்றியது.

"மெஷின்ல இனி உங்கள நிறுத்த முடியாது. வில்லையில கீறல் பாக்குற மேசைக்கு மாத்தறேன். சம்பளம் கொஞ்சம் கொறையும். மொதல்ல போய் டாக்டரப் பாருங்க, அவர் சரின்னதும் வாங்க."

அன்று வீட்டில் டப்பாவைக் கணவன் முன்னால் வைத்தாள். அவன் திறந்து பார்த்துவிட்டுக் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் அழுதான்.

அடுத்த மாதம் புது இன்சூரன்ஸ் அட்டையோடு மருந்துக் கடையில் நின்றாள். கடைக்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரே வரலையேம்மா" என்றார். பின்னால் வரிசை நெருக்கியது. அவள் கௌண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் போன் போட்டார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். "ம், வந்துடுச்சு. பழைய இன்சூரன்ஸ்லேர்ந்து உங்க பேர் போக லேட்டாயிருக்கு." கொடுத்த மாத்திரை வேறு நிறத்தில் இருந்தது. "மருந்து அதேதானே?" என்று மூன்று தடவை கேட்டாள். அதேதான் என்றார்.

அக்காவிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு டீ நேரத்தில் அக்காவே வந்து பக்கத்தில் உட்கார, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கீறல் பார்க்கிற மேசையில் வேலை பழகிவிட்டது. பயம் விட்டபாடில்லை. தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டினால் போதும், இங்கேயும் ரூலை மாற்றிவிட்டார்களோ என்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு முதல் ஆளாக அங்கே போய் நிற்கிறாள்.