டொபிக்கு அம்மா சொன்ன செபம்

சாளை மீன் தலைகளை மஞ்சள் போட்டு, குறுணல் அரிசியோடு அவிக்கும் மணம்... கொட்டாஞ்சேனை வீட்டில் எனக்கு விடிந்ததே அந்த மணத்தில்தான். சமையல் எங்களுக்கல்ல, டொபிக்கு.

நான் சாரி உடுத்து வெளிக்கிட்டு வரும்போது அம்மா அந்தச் சட்டியைக் கிளறிக்கொண்டு நிற்பார்.

"இந்த மணத்தோட பஸ்ஸில ஏறினா ஆக்கள் இறங்கி ஓடுவாங்க அம்மா."

"ஓடட்டும். உனக்கு சீட் கிடைக்கும் தானே."

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. பஸ்ஸிலும் ரோட்டிலும் குண்டு வெடித்த அந்த நாட்களில் காலையில் பஸ் ஏறிப் போகிறவர் பின்னேரம் வீடு திரும்புவார் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை.

டொபி சாதாரணத் தெருநாய்ச் சாதி. உருக்கிய சீனியில் செய்யும் டொபி மிட்டாயின் நிறம், அதனால் அந்தப் பெயர். எங்கள் ஒழுங்கையில் நாய் வளர்த்த எல்லோருக்கும் நோயல் அங்கிள்தான் புத்தி சொல்கிறவர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இரண்டு அல்சேஷன் வைத்திருந்தார். யாரோ வீசிய இறைச்சியைத் தின்று பக்கத்து ஒழுங்கை நாயொன்று நஞ்சேறிச் செத்தபோது, எங்கள் கேற்றடியில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நாய்க்கு ஒரு சொல்லுப் பழக்குங்க. அதைக் கேட்டால்தான் வாய் வைக்கோணும். இங்கிலிஷில ஈட், சிங்களத்தில கன்ன, தமிழில சாப்பிடு எண்டெல்லாம் பழக்காதீங்க, ரோட்டில போற எவனும் சொல்லுவான்."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"நாங்க செபம் சொல்லாமல் சாப்பிடுறதில்ல தானே நோயல் அண்ணே. அவனும் அப்படியே இருக்கட்டும்."

அப்படித்தான் 'ஆமென்' டொபியின் சொல் ஆனது. நான் படலையைச் சாத்தும் நேரம் அம்மா பின்பக்கம் அவன் தட்டுக்கு முன்னால் குந்தியிருப்பார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு, பிறகு உரத்த குரலில் ஒரு ஆமென். ரோட்டுக்குக் கேட்டதெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

பிறகு அம்மா போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போனேன்... பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

அடக்கப் பூசையில் எல்லோரும் முழந்தாளிட, நான் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து அசையவில்லை. அன்றிலிருந்து நான் ஆண்டவரோடு கோபம். பூசை இல்லை, செபம் இல்லை, சாப்பிடும்போது சிலுவை அடையாளம்கூட இல்லை.

டொபி சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

தட்டை வைத்து, வேண்டாவெறுப்பாக "ஆமென்" என்றேன். எழும்பினான். தட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டான். மற்ற வேளையும் அப்படியே.

நாய் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஈரல் அவித்துக் கொடுக்கச் சொன்னார், ஒருவர் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார். நோயல் அங்கிள் தன் கையால் ஊட்டிப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. மிருக வைத்தியர் சேலைன் ஏற்றிவிட்டு, உடம்பில் ஒரு நோயும் இல்லை, இது துக்கம், இப்படியே விட்டால் தாங்காது என்றார்.

விலா எலும்பு தெரியத் தொடங்கியது. அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே துணை அவன்தான். அவனும் போய்விடுவானோ என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வீட்டு நஸீமா ஆன்டி பூனைக்காரி. அவரின் பூனைகளும் டொபியும் ஜென்மப் பகை. ஒரு காலை அவர் மதிலுக்கு மேலால் எட்டி, நான் ஆமென் சொல்வதையும் டொபி உட்கார்ந்துவிடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகள், ஒங்கட அம்மா அந்த ஒத்தச் சொல்ல மட்டும் செல்ற இல்ல."

"பிறகு?"

"திருநாள் டைம்ல கோயில் லவுட்ஸ்பீக்கர்ல ஆமென் கேட்டா இவன் தட்டத் தேடி ஓடுவான். அதுக்குப் பொறகு அம்மா முழுசா ஓதி முடிச்சாத்தான் தின்னோணும் எண்டு பழக்கினாங்க. நான் டெய்லி கேக்குறது தானே."

"என்ன ஓதுவாங்க ஆன்டி?"

அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு சொல் தடுமாறாமல் சொன்னார்.

நான் தட்டுக்கு முன்னால், ஈரத்தரையில், அம்மாவைப் போலக் குந்தினேன். டொபி காதை நிமிர்த்தினான்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டை ஆசீர்வதியும். சாப்பாடு இல்லாத சனத்தையும் நினைச்சுக்கொள்ளும். பஸ்ஸில போற என்ர மகள்..."

டொபி அசையாமல் காத்திருந்தான்.

"...என்ர மகள் பத்திரமா வீடு வந்து சேரோணும். ஆமென்."

குனிந்து சாப்பிடத் தொடங்கினான். தட்டைத் தரையோடு தள்ளித் தள்ளி நக்கினான். அம்மாவின் அடக்கத்தில் வராத அழுகை முழுவதும் எனக்கு அப்போதுதான் வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீமா ஆன்டியும் மூக்கை உறிஞ்சினார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தச் செபத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஆண்டவரோடு ராசியாகிவிட்டேனா என்று கேட்டால்... தெரியாது. நாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது வெள்ளவத்தை ஃப்ளாட்டில் என் நாய் கோகோ இருக்கிறாள். நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்று கேட்டால் நிமிஷத்தில் வொய்ஸ் நோட், வீடியோ எல்லாம் வந்து விழும். நல்ல மனிதர்கள்தான், முகம்தான் தெரியாது. "தட்டு வச்ச உடனே பாயவிடாதீங்க அக்கா, ஒரு கமாண்ட் பழக்குங்க" என்று அடிக்கடி சொல்கிறார்கள். நான் பழக்கவில்லை. ஏன் என்று குரூப்பில் எழுத முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

டொபி கிழவனாகி, ஒரு பகல் என் மடியில் தலையை வைத்தபடியே போய்விட்டான். அடுத்த நாள் காலை வழக்கம்போல வெளிக்கிட்டு, பஸ் ஏறி, ஜன்னலோரம் இருந்துவிட்டேன். பஸ் கொச்சிக்கடையைத் தாண்டும்போதுதான் உறைத்தது... இன்றைக்கு எனக்காக ஒருவரும் செபம் சொல்லவில்லை.