உட்கார ஒரு பொய்

உங்கள் வீட்டில் சமைக்கிறவர் கடைசியாக எப்போது சும்மா உட்கார்ந்தார்? கீரை ஆய்ந்துகொண்டு அல்ல, துணி மடித்துக்கொண்டு அல்ல, காய்ச்சலில் முனகிக்கொண்டும் அல்ல. வெறுமனே, தனக்காக, தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்துகொண்டு. பதில் உடனே நாக்கில் வருகிறதா? வரவில்லையென்றால் வேதாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹைதராபாத் சைனிக்புரியில் வேப்பமரத்தை ஒட்டிய ஒரு மாடி வீடு வேதாவுடையது. அவளுடையது என்று சொல்வது வழக்கத்துக்காக. பத்திரத்தில் கணவர் பெயர், அடுப்படியில் அவள். வயது ஐம்பத்திரண்டு. குஷாய்குடா பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் பத்ரிநாராயணன் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. தலைமுடியைவிட மெல்லிய பிசகைக்கூடக் கருவி வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் வெளியாள் தொட்ட சோறு அவருக்குத் தொண்டையில் இறங்காது. அந்தத் தீட்டை எந்தக் கருவியால் அளந்தார் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

விடிவதற்கு முன்பே வேதாவின் அலாரம் அடிக்கும். குளித்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தால், மகள் ஸ்ரேயாவையும் சேர்த்து மூன்று பேருக்கும் காலைப் பலகாரம், மூன்று டப்பாவில் மதியச் சாப்பாடு. ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும். வருகிற அன்று ஒரு காது வாசலிலேயே இருக்க வேண்டும். பிறகு ஸ்கூட்டர், ஆபீஸ், கணக்கு. சாயங்காலம் திரும்பும்போது பாத்திரம் தேய்க்கிற பூர்ணா தன் வேலையை முடித்துப் போயிருப்பாள். அவள் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களை வேதா ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலம்ப வேண்டும். அழுக்குப் போகவில்லை என்பதற்காக அல்ல, பூர்ணாவின் கை பட்டது போக வேண்டுமே, அதற்காக. சம்பளம் கொடுத்து ஆள் வைத்து, அதே வேலையை இரண்டாம் தடவையும் செய்கிற விசித்திரம் அந்த வீட்டில் இருபத்தைந்து வருஷமாக நடந்தது.

ஒருமுறை அவள் கேட்டாள். "ஏன்னா, சமையலுக்கு ஒரு மாமியை வெச்சுக்கலாமா? ஞாயித்துக்கிழமை மட்டுமாவது?"

பத்ரி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எவ பண்ணினாலும் உன் கைப்பக்குவம் வருமாடீ? உன் ரசத்தைச் சாப்ட்டுட்டு இன்னொருத்தி ரசத்தைச் சாப்பிடவா? போடீ!"

பாராட்டு. இந்த நாட்டில் பெண்களுக்குப் போட்ட விலங்குகளில் பாதி இப்படிப் பாராட்டாகத்தான் வார்க்கப்பட்டவை. வேதாவும் அன்று கொஞ்சம் பூரித்துத்தான் போனாள். பூரித்துக்கொண்டே போய்ப் புளியைக் கரைத்தாள்.

ஆனால் அவளுக்கும் ஓய்வு இருந்தது. மாதத்தில் மூன்று நாள்.

நீங்கள் ஊகித்தது சரிதான். விலக்கான நாட்களில் அவள் அடுப்படிக்குள் வரக்கூடாது, பூஜை அலமாரியை நெருங்கக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. மாடிப்படி ஓரத்தில் இஸ்திரி மேஜை போட்ட சின்ன அறை. அதில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஆபீஸுக்குப் போகலாம், அங்கே ஆயிரம் பேர் உட்கார்ந்த நாற்காலிக்குத் தீட்டில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த அறைதான். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் கொடுமை அதோடு நிற்கவில்லை. அந்த அவமானத்துக்காக வேதா மாதம் முழுக்க ஏங்கினாள்.

அந்த அறையில் அவள் உருது படித்தாள்.

பிறந்தது கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த நாளிலிருந்து கடைப் பலகைகளில் அந்த எழுத்து அவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரேயாவின் கல்லூரிப் புத்தகம் தேடி அபிட்ஸ் நடைபாதைக் கடைகளுக்குப் போனபோது, குழந்தைகளுக்கான உருதுப் பாடநூல் ஒன்று கண்ணில் பட்டது. யாருக்கும் சொல்லாமல் வாங்கினாள். எதற்கு? எதற்குமில்லை. பதவி உயர்வுக்கு உதவாது, யார் வயிற்றையும் நிரப்பாது. வலமிருந்து இடமாக ஒரு கோடு வளைந்து போவதையும், அதன் தலையில் புள்ளிகள் ஏறுவதையும் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும், அவ்வளவுதான். சில வருஷங்களில் பத்தர்கட்டியில் வளையல் கடைப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, நடுத்தெருவில் தானே தன் தோளைத் தட்டிக்கொண்டாள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த மூன்று நாளும் வீடு இடிந்து விழவில்லை. மல்காஜ்கிரி மெஸ் மாமியிடமிருந்து கேரியர் வந்தது, அந்த மூன்று நாள் மட்டும் வெளியாள் சோறு பத்ரியின் தொண்டையில் இறங்கியது. பத்ரி தன் காபியைத் தானே கலந்தார். தண்ணீரை ஸ்ரேயா பிடித்தாள். அவளில்லாமல் அந்த வீடு நடக்கும் என்பதற்கு மாதாமாதம் நிரூபணம் கிடைத்தது. விஞ்ஞானியின் வீடு, நிரூபணத்தைப் பார்க்கத்தான் ஆளில்லை.

பிறகு ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஆபீஸில் அவள் வயதுக்காரி சுப்ரியா, "எனக்கும் நின்னுடுச்சு, விட்டது சனி!" என்று சாக்லேட் கொடுத்தாள். வேதா சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு கழிவறைக்குப் போய் அழுதாள். இனி மாதத்தில் முப்பது நாளும் அடுப்படி. சாகிறவரைக்கும்.

சில மாதம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். ஒருநாள் விடியற்காலையில் அலாரம் அடித்தபோது கால்கள் எழ மறுத்தன. அடுப்படி வாசலுக்கு வெளியே நின்றாள்.

"ஏன்னா, நான் உள்ள வரக்கூடாது."

"சரி, மெஸ் மாமிக்குப் போன் பண்ணிடறேன்," என்றார் பத்ரி.

அவ்வளவு சுலபம். எந்தக் கேள்வியும் இல்லை, இருக்காது. பேசவே கூசுகிற விஷயமென்று ஆக்கி வைத்திருந்தார்களே, அந்தக் கூச்சமே அவளுக்கு வேலியாகிக் காவல் காத்தது. அன்றிலிருந்து மாதாமாதம் பொய். வழக்கம்போல நாப்கின் பாக்கெட் வாங்கினாள். பிரிக்காமல் பூர்ணாவின் மகளுக்குக் கொடுத்தாள். சில மாதத்தில் பூர்ணாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, மீரு பெத்த தொங்க!"

பெரிய திருடி. உண்மைதான். தன் நேரத்தைத் தானே திருடித் தின்ன வேண்டியிருந்தவள்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. வேதா உருதுவில் முழு வாக்கியம் வாசித்தாள். அப்போதுதான், நின்று போனது மறுபடி வந்தது.

அது மாமூலாக வருவதல்ல என்று அவளுக்கே தெரிந்தது. முழுக்க நின்றபிறகு திரும்பவும் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். யாரிடம் சொல்வது? வீட்டுக் கணக்கில் அவளுக்கு எதுவும் நிற்கவேயில்லை. ஒன்றைச் சொன்னால் ஒன்றரை வருஷமும் வெளியே வரும். பொய்க்காரி என்ற பெயர்கூடப் பரவாயில்லை. மூன்று நாள் போய்விடும். உயிரையும் மூன்று நாளையும் தராசில் வைத்துப் பார்த்து ஒரு படித்த பெண் தயங்கினாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் வந்தது. அப்போதும் சொல்லவில்லை. 

மாமனாரின் திவசம் வந்தது. அந்தத் தேதிக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமென்று, முந்தின வாரமே தன் பொய் மூன்று நாளை முடித்துத் தலைக்குக் குளித்துவிட்டிருந்தாள். திவசத்தன்று விடியுமுன் மடிசார் கட்டி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அடுப்பெதிரே நின்றாள். பாகற்காய், புடலங்காய், பிரண்டைத் துவையல், வடை, அதிரசம், எள்ளுருண்டை. வடையைத் திருப்பிப் போட்டபோது அடிவயிற்றில் கத்தி செருகியதுபோல ஒரு வலி. தொடையில் வெதுவெதுப்பு இறங்கியது.

சொல்ல முடியாது. போன வாரம்தானே உட்கார்ந்தாள்! பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு மீதி வடையையும் போட்டாள். சாஸ்திரிகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்கள்.

"அதிரசம் அமிர்தமா இருக்கு. பித்ருக்கள் திருப்தியா எழுந்து போயிருப்பா," என்றார் பெரியவர்.

எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பித்ருவும் இலையைத் தள்ளவில்லை. ஆயிரம் வருஷமாகப் பெண்களை மூலையில் தள்ளிய விதி, அன்று அந்தக் கூடத்தில் ஓர் ஏப்பத்தோடு பொய்யாகிப் போனது. அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி, உருளியை இழுக்கக் குனிந்து, அப்படியே சரிந்து விழுந்தாள்.

பத்ரி ஓடி வந்தார். தரையில் சிவப்பைப் பார்த்தார். பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தார்.

அந்த ஓரடியை வேதா பார்த்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்பா, கைக்கு நிக்கறே? பட்டுகோ! ஹோல்ட் ஹர்!" ஏன் நிற்கிறாய், பிடித்துக்கொள் என்று உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து ஸ்ரேயா கத்தினாள். செகந்திராபாத்தில் படித்து வளர்ந்த பெண்ணுக்கு அவசரத்தில் தமிழ் வராது. அப்பாவை இடித்துத் தள்ளிவிட்டு அவளே அம்மாவை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜலஜாவுக்கு ஓரளவு தமிழ் வரும். "பீரியட்ஸ் எப்போ நின்னுச்சு மேடம்?"

"நிக்கலை டாக்டர்," பத்ரி முந்திக்கொண்டார். "ரொம்ப ரெகுலர். போன வாரம்கூட..."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. வேதா கூரையைப் பார்த்துச் சொன்னாள். "நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."



"இந்த ப்ளீடிங் முதல் தடவையா?"

"மூணாவது."

"முதல்லயே வந்திருக்கலாமில்ல?" என்று கடிந்துகொண்டார் டாக்டர். கருப்பைச் சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சாதாரணமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முடிவு வரட்டும் என்றார்.

டாக்டர் போனதும், பத்ரி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"அப்போ... அப்பா ஸ்ரார்த்தத்தன்னிக்கு நீ அப்படியேவா சமைச்சே?"

"ஆமா. எல்லாரும் நன்னாச் சாப்ட்டா."

அவர் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "ஏன் வேதா பொய் சொன்னே?"

"உட்கார்றதுக்கு."

"உட்காரணும்னா சொல்லியிருக்கலாமே! நானா வேண்டாம்னேன்?"

வேதா சிரித்தாள். வயிறு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சொன்னேனே. ரசம் நன்னா இருக்குன்னேள்."

வீட்டுக்கு வந்தார்கள். பத்ரி கெட்டவர் அல்ல. மெஸ் மாமிக்குப் போன் செய்தார். போர்வையை அவரே இழுத்துப் போர்த்திவிட்டுச் சொன்னார்: "மூணு நாள் நன்னா ரெஸ்ட் எடு."

மூணு நாள்! புற்றோ என்று பயந்து படுத்திருப்பவளுக்கும் அதே மூணு நாள். ஒரு பெண்ணுக்கு ஓய்வு என்றால் அவருக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

வேதா அந்த மூன்று நாளும் உருதுப் புத்தகத்தைத் தொடவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. நான்காம் நாள் விடியுமுன் அலாரம் அடித்தது. சோதனை முடிவு இன்னும் வரவில்லை. பக்கத்தில் பத்ரி நல்ல தூக்கம். வேதாவின் கால், அவளைக் கேட்காமலே, தரையில் இறங்கிச் செருப்பைத் தேடியது.

இப்போது எழுந்து உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போங்கள். அங்கே நிற்கிறவரின் கையிலிருந்து கரண்டியை வாங்குங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். சமையல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நாளைக்கும் கரண்டியை நீங்களே பிடியுங்கள். எந்தக் காரணமும் சொல்லாமல், எந்தப் பொய்யும் சொல்லாமல், அவர் உட்காரட்டும்.