கவுஸ் பாஷாவின் படுதாப் படகு

பென்னாகரத்தில் லாரிகளுக்குப் படுதா தைத்துக்கொண்டிருந்தவர் கவுஸ் பாஷா. இளவட்டமாக இருந்தபோது பம்பாய்க்கு ஓடிப்போய், ஒரு பணக்காரரின் பாய்மரப் படகில் பல வருஷம் கயிறு இழுத்தவர். ஊர் திரும்பியும் அந்த ஆசை விடவில்லை. பலகை வாங்கிப் படகு செய்து, கொம்பு நட்டு, அதில் லாரிப் படுதாவையே வெட்டிக் கட்டி, நாகமரையில் மேட்டூர் அணைத் தண்ணீரில் விட்டார். பரிசலைத் தவிர எதையும் அறியாத எங்கள் ஊர் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எண்பத்து மூன்று ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாது அக்கரைக்காரர். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், விடிகாலை முகூர்த்தம். முதல் நாள் மழையில் ரோடு அறுந்து பஸ் நின்றுபோனது. சாயங்காலம் காற்றும் கிளம்ப, பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். முகூர்த்தம் தவறினால் தன் அண்ணன் மகளை மணையில் உட்கார வைக்க என் மாமியார் காத்திருந்தாள். அது ஊருக்கே தெரியும்.

நடுச்சாமம் தாண்டியும் காற்று அடங்காததால், அம்மா கோவிந்தம்மாள் கவுஸ் பாஷாவிடம் போய் நின்றாள். அவர் காற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறச் சொன்னார். பரிசல் ஓட்டுகிற என் தாய்மாமன் சென்றாயன் மட்டும் அந்தத் துணிப் படகில் கால் வைக்கமாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டார். அப்பா, அம்மா, நான், ஒரு டிரங்குப் பெட்டி. பெண் வீட்டு ஊர்வலம் அவ்வளவுதான்.

எதிர்க்காற்றில் நேரே போக முடியாது, வளைந்து வளைந்துதான் போகணும் என்றார் கவுஸ் பாஷா. அக்கரை விளக்கு ஒரு தரம் வலது பக்கம் தெரிந்தது, ஒரு தரம் இடது பக்கம். ஆள் வழி தவறிவிட்டார் என்று அம்மா அழ ஆரம்பித்தாள். நடுத்தண்ணீரில் காற்று ஓங்கி அறைந்தது. படகு சரிந்து தண்ணீர் உள்ளே ஏறியது. எல்லாரும் உயர்ந்த பக்கத்துக்கு வரச் சொல்லிக் கத்தினார் கவுஸ் பாஷா. யாரும் அசையவில்லை. பரிசலில் ஒரே பக்கம் கூடினால் கவிழ்ந்துவிடும். ஆளுக்கொரு பக்கமாக உட்கார வேண்டும். பிறந்ததிலிருந்து எங்கள் உடம்பில் ஊறிய புத்தி அது. அப்பாவோ தாழ்ந்த பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என்னையும் அங்கேயே இழுத்தார்.

எனக்கு மாமியாரின் அண்ணன் மகள் ஞாபகம் வந்தது. அப்பா கையை உதறிவிட்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேல் பக்கம் தவழ்ந்தேன். படகு நிமிர்ந்தது. பிறகு அப்பாவும் வந்தார். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறி மாறி உட்கார்ந்தோம். பயம் தெளிந்த அம்மா, கவுஸ் பாஷாவுக்கு முன்பே அப்பாவை மாறச் சொல்லி அதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கிழக்கு வெளுக்கும்போது கரை தட்டினோம். சேலையைப் பிழிந்துகொண்டு பந்தலுக்கு ஓடினேன். அந்தப் பெண் தலை நிறையப் பூ வைத்துத் தயாராக இருந்தாள், பாவம். மணையில் உட்கார்ந்ததும் ஐயர் கேட்டார், பட்டம் கட்டத் தாய்மாமன் எங்கே என்று. எங்கள் வழக்கத்தில் நெற்றியில் மாமன் பட்டம் கட்டாமல் கழுத்தில் தாலி ஏறாது. மாமியார் முகம் மலர்ந்தது. எனக்கு உயிரே போனது.

அம்மா விடுவிடென்று வெளியே போனாள். கவுஸ் பாஷா வேலியில் படுதாவைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவரை பாயி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, வந்து பட்டம் கட்டுங்கண்ணா."

"நானாம்மா? அவங்க ஒத்துக்குவாங்களா?"

"புள்ளையக் கொண்டாந்து சேத்தது நீங்க. வேற யாருங்கண்ணா மாமன்?"

லுங்கியில் கை துடைத்துக்கொண்டு வந்தார். கட்டினார். தாலி ஏறியது.

அந்த ராத்திரிக் காற்றை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. கவுஸ் மாமா மௌத்தான அன்று என் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி காரணம் கேட்டாள். தாய்மாமன் போய்விட்டார் என்றேன்.