ஐந்து வாட்டுக்குச் சற்றுக் குறைவு

2024 ஜூலை 14, ஞாயிறு, காலை பத்தே கால் மணி. ஓசூரில் தூறல். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சளி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் நிதானமாகப் படியிறங்கி வந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. கணவனுக்குப் பாகலூர் சாலையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. மாசக் கடைசில காலி பண்றோம். தலைக்கு மேலயே கம்பி இருக்கு, அந்த அலை புள்ளைக்கு ஆகாதுன்னு அம்மா போன்ல ஒரே சத்தம்."

கம்பி என்றது என் ரேடியோ ஏரியலை. உரிமம் பெற்று, நானே செய்த டிரான்ஸ்மிட்டரில் வெளியூர் ரேடியோ நண்பர்களோடு தினமும் அரை மணி நேரம் பேசுகிறவன் நான்.

"வெறும் அஞ்சு வாட்டும்மா. குண்டு பல்பே நாப்பது வாட்டு."

"அளந்து பாத்தீங்களா?"

அளந்ததில்லை. நல்ல குடித்தனம், ஐந்தாம் தேதி தாண்டி ஒருமுறைகூட வாடகை வந்ததில்லை. அளந்து காட்டினால் இருந்துவிடுவார்கள் என்று தோன்றியது.

பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய்ச் சாமான் வாங்கினேன். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் இருபதைப் பக்கம்பக்கமாக இணைத்தால் ஐம்பது ஓம். ஏரியலுக்குப் பதில் அதை மாட்டினால் வெளியே போகிற சக்தி முழுவதும் அதற்குள் இறங்கும். ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர் சேர்த்து மல்டிமீட்டரில் வோல்ட்டைப் படித்துக் கணக்குப் போட வேண்டியதுதான். பழைய பிஸ்கட் டப்பாவில் அடக்கினேன். மூன்று சூட்டுக்காயம், எல்லாம் ஒரே விரலில்.

28ஆம் தேதி இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மீட்டரில் இருபத்திரண்டு வோல்ட். அதை வாட்டாக மாற்றித் தாளில் கணக்குப் போட்டேன்.

"நாலே முக்கால் சொச்சம். அஞ்சுகூட இல்ல பாரு," என்றான் கணவன்.

அவர்கள் நன்றாகப் பார்க்கட்டுமென்று டிரான்ஸ்மிட்டரின் பொத்தானை அமுக்கியபடியே இருந்தேன். அவள் டப்பாவுக்குள் விரலை நீட்டினாள்.

"அய்யோ, சுடுது!"

"சக்தி எல்லாத்தையும் உள்ள அடச்சதால சூடும்மா. ஏரியல்ல விட்டா காத்துல பரவிப் போயிடும்."

"அப்ப எங்க மேலயும் பரவும்ல அங்கிள்?"

தூரம் கூடக்கூட எப்படிக் குறையும் என்று தாளில் வரைந்து காட்டினேன். "புரியுது அங்கிள்," என்றாள், விரலை ஊதிக்கொண்டே. சமையலறையிலிருந்து என் மனைவி, "போதுங்க, இன்னும் வெளக்குனா நானே கெளம்பிருவேன்," என்றாள்.

31ஆம் தேதி கட்டிலும் பீரோவும் இறங்கின. ரேடியோ சாமான் 412, பஸ் 130, வெள்ளையடிப்பு 3,200, வீடு காலியாகக் கிடந்த இரண்டு மாத வாடகை 19,000. மொத்தம் 22,742 ரூபாய்.